கறி இல்லாத கறி!

கி.பி. 2071-ல் மனிதன் எப்படி இருப்பான்? வெள்ளி உடுப்பு அணிவான். மாத்திரையை விழுங்கிப் பசியாறுவான். பொத்தானை அழுத்தினால் வேலையெல்லாம் நடந்துவிடும் என்பீர்கள். விஞ்ஞானக் கதைகள் பலவும் நம்மை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கின்றன.

1998-ல் வெளிவந்த 'கௌபாய் பிபாப்' என்ற ஜப்பானியச் சித்திரத் தொடர் வேறு மாதிரி சொல்கிறது. செவ்வாய்க் கிரகத்தில் குடியேறிய பிறகும் மனிதன் காசில்லாமல் திண்டாடுவானாம்! முதல் கதையைப் பாருங்கள். விண்வெளிக் கப்பலில் சமையல் நடக்கிறது. மாட்டுக் கறியும் குடைமிளகாயும் என்று பெயர். தட்டில் குடைமிளகாய் இருக்கிறது, கறியைத்தான் காணோம். வாங்கப் பணமில்லை!

கப்பலும் லேசுப்பட்டதல்ல, பழைய மீன்பிடிக் கப்பலை மாற்றிக் கட்டியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவரும், பூந்தமல்லி சாலையோரம் லாரிக்கு அடியில் படுத்து ஸ்பானர் பிடிக்கிறவரும் பார்த்தால், "அட, நம்ம வண்டி!" என்பார்கள். குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்துப் பரிசுப் பணம் வாங்குவது இதில் இருப்பவர்களின் தொழில். பணம் வருவதென்னவோ அபூர்வம்.

இவர்களில் ஃபே என்ற பெண் ஐம்பத்து நாலு வருஷம் உறைநிலையில் தூங்கி எழுந்தவள். எழுந்ததும் தலைமேல் மலையாகக் கடன். பழைய நினைவோ துளியும் இல்லை. ஒருநாள் அவளுக்கு ஒரு பழைய வீடியோ நாடா வந்து சேருகிறது. அதைப் போட்டுப் பார்க்க இயந்திரம் தேடி, நண்பர்கள் இருவர் பூமியின் இடிபாடுகளுக்குள் இறங்கி அலைகிறார்கள். கடைசியில் நாடா ஓடுகிறது. அதில் ஒரு சிறுமி, வருங்காலத்தில் தான் எப்படி இருப்போமோ என்று எண்ணி, அந்த 'தனக்கு' உற்சாகம் சொல்லிக் குதிக்கிறாள். அது ஃபேதான்! அவளுக்கோ அந்தச் சிறுமியை நினைவே இல்லை. கல்மனமும் கரையாதா, சொல்லுங்கள்?

நிற்க. சங்கீதத்தைச் சொல்லாவிட்டால் பாவம். 'பிபாப்' என்பது 1940-களில் அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் வகை. நம் வித்வான்களின் மனோதர்மம்போல அந்தக் கணத்தில் பிறக்கும் வாசிப்பு. இசையமைத்த யோகோ கன்னோ, கேட்காமலே மெட்டுக்கள் போட்டுக் கொடுப்பாராம். அவற்றைக் கேட்டு டைரக்டர் ஷினிசிரோ வதனபே புதுக் காட்சிகள் அமைப்பாராம். தொடக்க இசையின் பெயர் 'டாங்க்'. ஆவடிக்காரர்கள் தங்கள் ஊர்ச் சரக்கு என்று உரிமை கொண்டாடலாம்!

இத்தனை இருந்தும் தொடர் பிழைத்ததே பெரிய காரியம். பொம்மைக் கப்பல் விற்கலாமென்று ஆதரிக்க வந்த பொம்மைக் கம்பெனி நடுவில் விலகிக்கொண்டது. முதல் ஒளிபரப்பில் இருபத்தாறு கதைகளில் பாதிகூட வரவில்லை. பின்னர் வேறொரு சேனலில் முழுவதும் வந்தது. 2001-ல் அமெரிக்கா சென்று உலகப் புகழ் பெற்றது.

துப்பாக்கியும் துயரமும் உண்டு. ஆகவே இது குழந்தைகளுக்கானதல்ல. பெரியவர்கள் பாருங்கள். ராக்கெட்டில் ஏறினாலும் மனிதன் கடனையும் பசியையும் பழைய நினைவையும் இறக்கி வைத்துவிட்டுப் போக முடியாது. அதைத் தெரிந்துகொண்டும் தலைநிமிர்ந்து நடக்கிறார்களே, அதுதான் ஐயா ஸ்டைல்!