கேமராவும் பீரங்கியும் – 14: படமே இல்லாத டி.வி. போர்

வியட்நாமில் எடுத்த ஃபிலிம் சுருள் சைகோனில் விமானம் ஏறி, நியூயார்க்கில் இறங்கி, கழுவி வெட்டி ஒட்டப்பட்டு ராத்திரிச் செய்தியில் வருவதற்குள் சண்டை வேறு ஊருக்குப் போயிருக்கும் என்பதோடு போன வாரம் நிறுத்தினேன். அதற்கு மேல் முன்கதை கேட்பவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். எனக்கு இடம் போதாது.

இந்த வாரம் டாம் குரூஸின் 'டாப் கன்' படம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பென்டகன் கதைக்குள் எங்கெங்கே கை வைத்தது, கப்பலையும் விமானத்தையும் எந்த நிபந்தனையில் கொடுத்தது என்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. நடுவில் ஒரு டெலிபோன் லைன் குறுக்கே வந்துவிட்டது. இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். படத்தை எடுத்தவர் யார் என்பதைவிட, அது எந்த வழியாக, யார் யார் கை மாறி நம் கூடத்துக்கு வந்தது என்பதில்தான் எனக்கு ருசி. இப்படி ஒரு லைன் கையில் சிக்கியபிறகு டாம் குரூஸ் பக்கம் போக மனசு வரவில்லை. அவர் காத்திருக்கட்டும்.

1991 ஜனவரி 17, அதிகாலை இரண்டரை மணி தாண்டிய நேரம். பாக்தாத், அல் ரஷீத் ஹோட்டல், ஒன்பதாவது மாடி. சி.என்.என். தொலைக்காட்சியின் மூன்று பேர் அறையில் இருக்கிறார்கள். பெர்னார்ட் ஷா, ஈராக் அதிபர் சதாம் உசேனைப் பேட்டி காண வந்தவர். பேட்டி கிடைக்கவில்லை, ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில் மாட்டிக்கொண்டார். பீட்டர் ஆர்னெட், நியூசிலாந்துக்காரர், வியட்நாம் செய்திகளுக்காக 1966-ல் புலிட்சர் வாங்கியவர். மூன்றாமவர் ஜான் ஹாலிமன். ஜன்னலுக்கு வெளியே வானம் பளிச்சிடுகிறது. விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் கண்மண் தெரியாமல் மேலே சுடுகின்றன. மூவரும் பேசத் தொடங்குகிறார்கள், உலகம் கேட்கிறது.

கேட்கிறது என்றுதான் சொல்ல வேண்டும், பார்க்கிறது என்று சொல்ல முடியாது. 'டி.வி.யில் நேரடியாக ஓடிய முதல் போர்' என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதுகிறார்களே, அந்த வளைகுடாப் போரின் முதல் ராத்திரி சி.என்.என். திரையில் இருந்தது பாக்தாத்தின் ஒரு வரைபடம், பக்கத்தில் இந்த மூவரின் போட்டோ. அவ்வளவுதான். செயற்கைக்கோள் வழியாகப் படம் அனுப்ப வழியில்லை. வந்தது குரல் மட்டும். உலகத்தின் பெரிய டி.வி. செய்தி நிறுவனம் அன்றைக்கு ரேடியோ நடத்தியது! இதைப் படித்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அலுத்துவிட்டது, இனி நீங்கள்தான் கேட்டாக வேண்டும்.

அந்தக் குரல் எப்படி வந்தது? அங்கேதான் அந்த லைன். பாக்தாத்தில் அன்று அமெரிக்காவின் மற்ற பெரிய டி.வி. கம்பெனிகளின் ஆட்களும் இருந்தார்கள். அவர்களும் குண்டு விழுவதைப் பார்த்தார்கள், அவர்களும் பேசினார்கள். சற்று நேரத்தில் ஒவ்வொருவர் லைனாகச் செத்துப்போயிற்று. முதல் ராத்திரி இலக்குகளில் பாக்தாத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் ஒன்று. சி.என்.என். லைன் மட்டும் சாகவில்லை. அவர்களிடம் இருந்தது 'ஃபோர் வயர்'.

நம் வீட்டுப் பழைய லேண்ட்லைனில் பேசவும் கேட்கவும் சேர்த்து ஒரே ஜோடிக் கம்பிதான். அது எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். அங்கே இணைப்பு கொடுத்தால்தான் பேச்சு. ஃபோர் வயரில் பேச ஒரு ஜோடி, கேட்க ஒரு ஜோடி. டயல் செய்யும் வேலையே கிடையாது. இருபத்துநாலு மணி நேரமும் திறந்தே கிடக்கும். தீப்பெட்டி இரண்டை நூலில் கட்டிப் பேசுவோமே, அதன் பணக்கார அண்ணன். விளையாட்டுப் போட்டிகளை ஒளிபரப்பும்போது மைதானத்து ஆட்களும் ஸ்டூடியோ ஆட்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வாடகைக்கு எடுப்பார்கள். நேயர் காதுக்குப் போக வேண்டிய சாமானே இல்லை. பாக்தாத்தில் இந்த லைன் உள்ளூர் எக்ஸ்சேஞ்சைத் தொடாமல் ஜோர்டான் தலைநகர் அம்மானுக்குப் போய், அங்கிருந்து செயற்கைக்கோள் ஏறி சி.என்.என்.னின் ஊரான அட்லான்டாவில் இறங்கியது. ஹோட்டலில் கரன்ட் போனாலும் பேட்டரி இருந்தது.

(அம்மான் என்றதும் நம்மவர்கள் சிலருக்கு வேறு ஞாபகம் வரும். 1990 ஆகஸ்டில் சதாம் குவைத்துக்குள் புகுந்தபின், அங்கே வேலை செய்த ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களை ஏர் இந்தியா ஏற்றி வந்தது பெரும்பாலும் அந்த ஊரிலிருந்துதான். 488 விமானங்கள், 59 நாள். பாலைவனத்தைப் பஸ்ஸில் கடந்து அம்மானில் வரிசையில் நின்றவர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

இந்த லைனைச் சும்மா கொடுத்துவிடவில்லை. சி.என்.என்.னின் பாக்தாத் தயாரிப்பாளர் ராபர்ட் வீனரும் அவருடைய ஆட்களும் ஈராக் அதிகாரிகளின் வாசலில் மாதக்கணக்காகத் தவம் கிடந்தார்கள். போட்டிக் கம்பெனிகளுக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்ததில் ரகசியம் ஒன்றும் இல்லை. சதாமின் ஆட்களும் சி.என்.என். பார்த்தார்கள், வாஷிங்டனும் பார்த்தது. தன் பேச்சு எதிரி வீட்டுக்குப் போய்ச் சேர ஈராக்குக்கும் ஒரு கம்பி வேண்டியிருந்தது. ஆக, அமெரிக்கக் குண்டு விழுவதை அமெரிக்கர்கள் காதால் கேட்டது சதாம் அரசின் தயவில்.

வெள்ளை மாளிகை போர் தொடங்கியதை அறிவிக்கும் முன்பே அரைமணி நேரமாக இந்த மூவர் பேசிக்கொண்டிருந்தார்கள். போட்டிக் கம்பெனியான என்.பி.சி.யின் டாம் புரோக்கா, வேறு வழியில்லாமல், சி.என்.என்.னின் ஷாவைத் தன் நிகழ்ச்சியில் பேட்டி எடுத்தார். நம் ஊர்ச் சேனல்கள் இதைச் செய்யுமா என்று கற்பனை செய்து பார்க்கிறேன், சிரிப்புத்தான் வருகிறது. பாதுகாப்பு அமைச்சர் டிக் செனியும் நிருபர்களிடம் சி.என்.என்.னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

அந்த ஒலிப்பதிவில் என்னைப் பிடித்துக்கொண்டது இதுதான். ஹாலிமன் மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறார். பேச்சு நிற்கிறது. தொம் தொம் என்று தூரத்தில் ஒன்று, கிட்டே ஒன்று. மறுபடி பேச்சு. என்ன விழுந்தது, எங்கே விழுந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதையும் சொல்கிறார்கள். ஷா மேசைக்கடியில் புகுந்துகொண்டு பேசுகிறார். ஒரு கட்டத்தில் அட்லான்டாவுக்குக் கேட்கிறதா இல்லையா என்றே ஹாலிமனுக்குத் தெரியவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் முடிந்தவரை பேசிக்கொண்டே இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் பேசுகிறார். பயந்த மனிதனின் குரலில் பயம் இருந்தது. செய்தி வாசிப்பவரின் கஞ்சி போட்ட குரல் அங்கே செல்லவில்லை.

புனிதர் பட்டம் கட்ட நான் வரவில்லை. அதே குரல்கள் அந்த வெளிச்சத்தை அமெரிக்கச் சுதந்திர தின வாணவேடிக்கையோடு ஒப்பிடவும் செய்தன. கீழே தெருவில் யார் வீட்டுக் கூரை போயிற்று என்று ஒன்பதாவது மாடியிலிருந்து தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்ட அவர்களிடம் படம் இல்லை. அந்தக் குறைதான் அந்த ராத்திரியின் நாணயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் ஈராக் அதிகாரிகள் வந்து பேச்சை நிறுத்தினார்கள். ஷாவும் ஹாலிமனும் கிளம்ப, ஆர்னெட் தங்கினார். அதற்குள் வேறொரு கம்பி வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அதன் மறுமுனை சவூதி அரேபியாவின் ரியாத் நகரத்து ராணுவச் செய்தியாளர் கூடம்.

அங்கேதான் நமக்கெல்லாம் தெரிந்த அந்தக் கறுப்பு வெள்ளை வீடியோக்கள் வந்தன. நடுவில் கூட்டல் குறி, அதற்குள் ஒரு கட்டடம், ஒரு குண்டு நேராக உள்ளே போகிறது, திரை வெளுக்கிறது. விமானப்படைத் தளபதி சார்லஸ் ஹார்னர் ஒரு கட்டடத்தைக் காட்டி, இது என் எதிராளியின் தலைமையகம் என்று கிண்டலாகச் சொன்னார். ஜனவரி 30-ம் தேதி அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் ஷ்வார்ஸ்காப் காட்டியது இன்னும் பிரபலம். ஒரு பாலம். அதன்மேல் ஒரு வண்டி ஊர்ந்து போகிறது, கூட்டல் குறியைக் கடந்து அக்கரை போகிறது. பின்னாலேயே பாலம் வெடிக்கிறது. ஈராக்கிலேயே அதிர்ஷ்டசாலி இந்த ஓட்டுநர்தான் என்றார் ஜெனரல். நிருபர்கள் சிரித்தார்கள்.

அந்த வீடியோவை இப்போது திரும்பப் பார்த்தால் இரண்டு சங்கதி உறைக்கிறது. ஒன்று, சத்தமே கிடையாது. ஜெனரலின் குரல்தான் உண்டு. இரண்டு, குண்டு தொடும் இடத்தில் படம் முடிந்துவிடும். தூசி அடங்கியபின் எப்படி இருந்தது என்று அடுத்த காட்சி வராது, உடனே வேறு கட்டடம். குண்டின் மூக்கிலேயே கேமரா என்று ஊரெல்லாம் பேசியது. சில வகைக் குண்டுகளில் அது உண்மை. மற்றபடி இவற்றில் பெரும்பாலானவை மேலே பறக்கும் விமானத்தின் அகச்சிவப்புக் கேமரா குறிபார்க்க எடுத்தவை. செய்திக்காக யாரும் எடுக்கவில்லை. குறிபார்க்கும் கருவியின் கண் அப்படியே நம் கண்ணாயிற்று. ஒரு தணிக்கைக்காரர் உட்கார்ந்து வெட்டத் தேவையில்லாதபடி கருவியே வெட்டிக் கொடுத்தது.

போர் முடிந்த மார்ச் மாதம் அமெரிக்க விமானப்படையே கணக்குக் கொடுத்தது. போட்ட குண்டு 88,500 டன். அதில் வழிகாட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் 'ஸ்மார்ட்' ரகம் 6,520 டன். மீதி எல்லாம் வியட்நாம் காலத்து மாதிரி மேலிருந்து கொட்டியது. அதற்குக் கூட்டல் குறி வீடியோ இல்லை, அதனால் டி.வி.யிலும் இடமில்லை. நூற்றுக்கு ஏழு ரூபாயைக் காட்டிவிட்டு முழுக் கணக்கும் இதுதான் என்று நம்பவைத்தாயிற்று.

அந்த ஏழு ரூபாயும் சுத்தமா? பிப்ரவரி 13 விடியற்காலை பாக்தாத்தின் ஆமிரியாவில் ஒரு பதுங்குமிடத்தின்மேல் இரண்டு லேசர் குண்டுகள் குறி தப்பாமல் விழுந்தன. முதல் குண்டு கான்கிரீட் கூரையைத் துளைத்தது, இரண்டாவது அந்தத் துளை வழியே உள்ளே போனது. உள்ளே ராணுவக் கட்டளை மையம் என்றது அமெரிக்கா. பதுங்கியிருந்தது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். 400 பேருக்கு மேல் எரிந்துபோனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அன்று பாக்தாத்தில் இருந்த நிருபர்கள் நேரே போய்ப் படம் எடுத்தார்கள், ஈராக் தடுக்கவில்லை. வெட்டியது மேற்கத்திய ஸ்டூடியோக்கள்; நேயர்களால் தாங்க முடியாது என்று கோரமான காட்சிகளை எடுத்துவிட்டுத்தான் காட்டினார்கள். தான் கண்டதைச் சொன்ன பி.பி.சி.யின் ஜெரமி போவனுக்குச் சொந்த ஊர்ப் பத்திரிகைகள் சிலவற்றில் அர்ச்சனை நடந்தது.

கம்பி யார் கையில் இருக்கிறது என்ற தகராறு டி.வி.யோடு பிறந்ததும் அல்ல. கிரிமியப் போரில், 1855-ல், கருங்கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டார்கள். அதுவரை லண்டனிலிருந்து கடிதம் வர வாரங்கள் ஆகும், தளபதி நிம்மதியாக இருந்தார். கம்பி வந்ததும் அற்பக் கேள்விகளெல்லாம் வர ஆரம்பித்தன. ஒரு கேப்டனைப் பூரான் கடித்துவிட்டதாமே, இப்போது எப்படி இருக்கிறார் என்று போர் அலுவலகத்திலிருந்து தந்தி வந்ததாம். தளபதி சிம்ப்ஸன் தந்தியைச் சபித்ததில் ஆச்சரியமில்லை. இந்தப் பூரானைக் கிரிமியா வாரத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இடம் தந்தவரையில் இப்போது இறக்கிவைத்துவிட்டேன்.

அல் ரஷீத் ராத்திரியை எச்.பி.ஓ. 2002-ல் 'லைவ் ஃப்ரம் பாக்தாத்' என்று படமாக எடுத்தது. வீனராக மைக்கேல் கீட்டன். ஒரு டெலிபோன் லைனுக்காக அலைவதைக் கதையாக்கியதற்காகவே எனக்கு அது பிடிக்கும். அந்தப் படத்தில் வந்த ஒரு சங்கதிக்கு எச்.பி.ஓ. பிறகு விளக்கக் குறிப்புச் சேர்க்க நேர்ந்தது. குவைத் ஆஸ்பத்திரியில் ஈராக் சிப்பாய்கள் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டார்கள் என்ற கதை அது. 1990 அக்டோபரில் நைரா என்ற பெயரில் 15 வயதுப் பெண் ஒருத்தி வாஷிங்டனில் அழுதுகொண்டே சொன்னது. அவள் அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள் என்பதும், அவளுக்குப் பின்னால் ஒரு மக்கள் தொடர்புக் கம்பெனி வேலை பார்த்தது என்பதும் போர் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. அந்த அழுகை எந்தெந்தக் கை மாறி அமெரிக்க அதிபரின் மேடைப் பேச்சுக்குள் போனது என்பது அடுத்த வாரம். டாம் குரூஸ் அதற்கடுத்த வாரம், ஆசிரியர் இடம் கொடுத்தால்.