நாச்சியாபுரத்து முற்றத்தில் உறைந்த கவுனி அரிசி: ஐஸ்கிரீம் மெஷின் வாங்கலாமா?

மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாச்சு! வீட்டு ஐஸ்கிரீம் மெஷின் என்று படம் போட்டு விற்கிறார்களே, அதில் சாதாரணமாக வீடுகளுக்கு வரும் வகைக்குள்ளே குளிரவைக்கும் சாதனம் என்று ஒன்று கிடையவே கிடையாது! மேலே சின்னதாக ஒரு மோட்டார், நடுவில் ஒரு பிளாஸ்டிக் துடுப்பு, கீழே ஒரு கிண்ணம். தீர்ந்தது. கிண்ணத்துக்கு இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் இடையில் உறையக்கூடிய ஒரு திரவத்தை அடைத்துச் சீல் வைத்திருக்கிறார்கள். கிண்ணத்தை முதல் நாளே ஃப்ரீசரில் வைத்து அந்தத் திரவத்தைக் கல்லாக உறையவிட வேண்டும். மறுநாள் அது உருகும்போது பாலிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மெஷின் செய்வதெல்லாம் சுற்றுவது மட்டுமே.

குன்றக்குடி வட்டாரத்து நாச்சியாபுரத்தில், இந்த மெஷின் இரவலாக வந்து இறங்கியிருந்த ஒரு வளவு வீட்டில் இதைச் சொன்னதும், வீட்டு ஆச்சி ஒரே போடாகப் போட்டார்.

"சுத்தும்ங்கிறீக, குளுர வைக்காதுங்கிறீக. அப்பறம் அது என்னத்துக்கு மெசினு? சுத்துறதுக்கு நம்ம வீட்டுல ஆளா இல்ல?"

கேள்வி என்றால் இதுதான் கேள்வி! மெஷின் வாங்கலாமா என்று யோசிக்கிற எல்லா வீடுகளும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

லீவுக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கப்போகிறார்கள். பூட்டிக் கிடந்த கட்டுகளெல்லாம் திறந்து, ஆத்தங்குடிக் கல் பளபளக்கத் துடைத்தாகிவிட்டது. மெஷின் வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு முகப்பில் தொடங்கிப் பட்டாலை வழியாக மூன்றாம் கட்டு அடுப்படிவரை ஓடிக்கொண்டிருக்கிறது. நான் நோட்டும் கையுமாகப் பின்னாலேயே ஓடுகிறேன்.

முதல் சோதனை மெஷினுக்கு இல்லை, ஃப்ரீசருக்கு! அந்தக் கிண்ணம் முழுதாக உறைய மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதிலும் 12 மணியிலிருந்து 24 மணி நேரம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் பெட்டி பெரும்பாலும் அந்தக் குளிரை எட்டுவதில்லை. சித்திரை வெயிலில், அரை மணிக்கொருதரம் கதவைத் திறக்கும் கூட்டுக் குடும்பத்தில், கேட்கவே வேண்டாம். நடுவில் கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து. கிண்ணம் உறைந்ததா என்று கண்டுபிடிக்க அழகான வழி ஒன்று இருக்கிறது: காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் இன்னும் ஆகவில்லை. துளி சத்தம்கூட வரக்கூடாது. இந்த வீட்டில் கிண்ணம் சலசலத்தது! மருமகள் டேப்பை எடுத்து வந்து ஃப்ரீசரை அளந்தார். கிண்ணம் உள்ளே போகிறது, ஆனால் அதை வைத்தால் ஐஸ் தட்டு, மீன், இட்லி மாவு எல்லாம் வெளியே நிற்க வேண்டும். கடைக்குப் போகும் முன்னால் இந்த டேப் வேலையை முடித்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வாங்கி வந்து பரணில் ஏற்றிய மெஷின்கள் பலவும் ஃப்ரீசரில் இடம் கிடைக்காமல் ஏறியவைதான்.

அடுத்து, அளவு. ஒன்றரை லிட்டர் என்று போட்டிருந்தால் அதில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கலவை ஊற்ற முடியும். சுற்றச் சுற்றக் காற்று ஏறிப் பொங்கும். மூன்று பேர் வீட்டுக்கு அது தாராளம். பந்தி போடுகிற வீட்டுக்கு? ஒருமுறை செய்தபின் கிண்ணம் மறுபடி உறைய இன்னொரு நாள் ஆகும். முதல் பந்தியில் உட்கார்ந்த பிள்ளைக்கு இன்று, இரண்டாம் பந்திப் பிள்ளைக்கு நாளை என்றால் வீடு தாங்குமா?

கம்ப்ரஸர் உள்ளேயே வைத்து வரும் மெஷின்கள் உண்டு. அவற்றுக்கு ஃப்ரீசரே வேண்டாம், ஒன்று முடிந்ததும் அடுத்ததை ஊற்றலாம். கனம் பத்து கிலோவைத் தாண்டும், விலையும் பல மடங்கு. வாராவாரம் செய்கிறவர்களுக்குச் சரி. கலவையைப் பாறையாக உறையவைத்துவிட்டுப் பிளேடால் சீவிக் குழைக்கும் புது ரகமும் வந்திருக்கிறது. அதற்கும் மைனஸ் 18-ல் ஒரு நாள் ஃப்ரீசர் வாசம் தேவை. ஆக, திரும்பத் திரும்ப ஃப்ரீசரிடமே போய் நிற்கிறோம்.

அப்போதுதான் ஆச்சி சாமான் அறையைத் திறந்தார்! பெரிய அண்டா ஒன்று, மூடி இறுக்கமாகப் பொருந்தும் எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று. காரைக்குடியிலிருந்து பார் ஐஸ் வாங்கிவர ஆள் போயாகிவிட்டது. கடையில் கல் உப்பு கிலோக் கணக்கில்.

மின்சாரம் வருவதற்கு முன்பு உலகம் முழுக்க ஐஸ்கிரீம் இப்படித்தான் உறைந்தது. பெரிய பாத்திரத்தில் ஐஸும் உப்பும், நடுவில் சின்னப் பாத்திரத்தில் கலவை, கையால் திருப்பிக்கொண்டே இருப்பது. அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843-ல் இதற்கு ஒரு கைப்பிடியும் உள்ளே சுழலும் துடுப்பும் வைத்துக் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் விலை கேட்கும் மெஷின்கள் அந்த வாளியின் வம்சம்தான்.

ஐஸுக்காகச் சென்னை பட்ட பாடும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது! ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் 1833-ல் கல்கத்தாவுக்கு ஏரி ஐஸைக் கப்பலில் அனுப்பினார். நாலு மாதக் கடல் பயணத்தில் உருகியதுபோக மிச்சம் வந்து சேர்ந்தது. பிறகு சென்னைக்கும் வந்த அந்த ஐஸைப் பதுக்கிவைக்க 1842-ல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்தில் ஐஸ் வெட்டியதைப் பார்த்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ, 1854-ல் வந்த தன் நூலில் மதராஸின் பெயரையே எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு அதே ஐஸ் காரைக்குடியிலிருந்து சாக்கில் சுற்றி டூ வீலரில் வருகிறது!

முற்றத்தில் அண்டா இறங்கியது. இடம் முக்கியம். ஆத்தங்குடிக் கல் மேல் வைக்கவே கூடாது. அது சிமெண்டுக் கல், உப்புத் தண்ணீர் ஊறினால் வெள்ளை பூத்துவிடும். முற்றத்துக் கருங்கல் தளம்தான் சரி. உப்புத் தண்ணீரை முருங்கை, வாழைப் பக்கம் கொட்டிவிடாமல் சாக்கடையில் விட வேண்டும். நேரம் விடியற்காலை, வெயில் முற்றத்துக்குள் இறங்கும் முன்.

இப்போது உப்பின் வேலை. ஐஸ் தானாகச் சுழியம் டிகிரியில் உருகும். இனிப்புக் கலந்த பாலோ மைனஸ் மூன்றை நெருங்கினால்தான் உறையவே தொடங்கும். அதனால் வெறும் ஐஸில் மணிக்கணக்கில் வைத்தாலும் சில்லென்ற பால்தான் கிடைக்கும். உப்பைத் தூவினால் ஐஸ் சுழியத்துக்குக் கீழேயே உருகத் தொடங்குகிறது. ஒவ்வொரு கிராம் ஐஸும் உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் கேட்கும். அதைப் பக்கத்தில் இருக்கும் தூக்குவாளியிலிருந்துதான் பிடுங்கிக்கொள்ளும். உப்பும் ஐஸும் சரியாகக் கலந்தால் மைனஸ் 21 வரை இறங்கலாம் என்பது கணக்கு. முற்றத்து அண்டாவில் அந்த எல்லையைத் தொட முடியாது, தேவையும் இல்லை. நாலு பங்கு ஐஸ், ஒரு பங்கு கல் உப்பு, எடை போட்டு. ஐஸை நெல்லிக்காய் அளவுக்கு உடைக்க வேண்டும். சாக்கில் கட்டி உலக்கையால் போடப் போட வளவுப் பிள்ளைகளின் ஆட்டம் தாங்கவில்லை!

வாளிக்குள் போனது என்ன? கவுனி அரிசி! பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டு வந்ததாகச் சொல்லும் அந்தக் கறுப்பு ஒட்டரிசி. செட்டிநாட்டு விசேஷப் பந்தியில் கவுனி அரிசி இல்லாமல் இலை நிறையாது. அதை ஐஸ்கிரீமாக்க முடியுமா என்பதில்தான் என் ஆசை முழுவதும். வேகவைத்த கவுனியை அப்படியே உறையவைத்தால் பருக்கைக்குள் இருக்கும் தண்ணீர் கல்லாகிப் பல்லில் இடறும். ராத்திரி ஊறவைத்து, குழைய வேகவிட்டு, முக்கால்வாசியை விழுதாக அரைத்துக்கொள்ள வேண்டும். மிச்சப் பருக்கையைச் சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டால் சர்க்கரை உள்ளே ஏறிவிடும், அப்புறம் கல்லாகாது. கவுனி ஒட்டரிசி என்பது பெரிய வரம்: சாதாரண அரிசி மாவு உறைந்தால் திப்பி திப்பியாகத் தண்ணீர் விடும், ஒட்டரிசி மாவு தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். சோள மாவு, முட்டை எதுவும் வேண்டாம்.

பால் கணக்கு இது. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் அரை லிட்டர். அதில் கொழுப்பு ஆறு சதவீதம். கடையில் வரும் 25 சதவீத ஃப்ரெஷ் கிரீம் கால் லிட்டர். சர்க்கரை 120 கிராம், பால் பவுடர் 30 கிராம். கூட்டிப் பார்த்தால் கொழுப்பு பத்து சதவீதத்துக்குச் சற்றே மேல் நிற்கும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி வெறும் ஐஸ்கிரீம் என்று பெயர் போட்டு விற்கக் குறைந்தது பத்து சதவீதம் பால் கொழுப்பு வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்! கவுனி விழுது சேர்ந்தால் கொஞ்சம் இறங்கும், பரவாயில்லை. கருப்பட்டி போட ஆசைப்பட்டால் பால் நன்றாக ஆறிய பிறகு பாகாகச் சேருங்கள், சூட்டில் சேர்த்தால் திரிந்துபோகும். கலவையை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் குளிரவைப்பது அவசியம். இதற்கு ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் தாராளமாகப் போதும்!

மூடியை இறுக்கி, ஐஸ் மட்டம் மூடிக்குக் கீழேயே நிற்குமாறு பார்த்து, தூக்கின் பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். சில நிமிடத்துக்கு ஒருதரம் மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் படிந்ததைத் தோசைத் திருப்பியால் சுரண்டி நடுவில் தள்ள வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காது. அப்புறம் ஓரத்தில் மெல்லிய படலம். அப்புறம் திடீரென்று கரண்டி கனக்கும்! நாவற்பழ நிறத்தில் அது குழைந்து திரண்டு வந்தபோது முற்றத்தில் எழுந்த கூச்சல் பக்கத்து வளவில் கேட்டிருக்கும். சின்னவன் வரிசையை மீறி விரலை விட்டான். யாரும் அதட்டவில்லை. மழமழவென்ற அந்த முதல் வாய்! இடையிடையே மெல்லக் கிடைத்த பருக்கை, தேங்காய்ப்பூ, கடைசியில் வந்த ஏலக்காய் வாசம்!

சரி, கடை ஐஸ்கிரீமோடு ஒப்பிட்டுக் காசுக் கணக்குப் பார்க்கலாமா? லிட்டரை வைத்துப் பார்க்காதீர்கள், எடையை வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராம் இருந்தாலே விதிக்குச் சரி. மிச்ச இடத்தில் காற்று. கையால் திருப்பியதில் காற்று குறைவு, அதே லிட்டர் நன்றாகவே கனக்கும். பெட்டியில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருந்தால் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்ந்தது. இதையெல்லாம் பார்த்தால் வீட்டுச் செலவு அவ்வளவு மோசமில்லை. ஆனால் வெனிலாவும் ஸ்ட்ராபெர்ரியும் மட்டும் தின்பதற்காக மெஷின் வாங்குவதை நான் ஒப்பமாட்டேன். ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-ல் 13,000 ரூபாயோடு சென்னை ராயபுரத்தில் தொடங்கிய அருண் ஐஸ்கிரீம் சின்ன ஊர்களையெல்லாம் தேடித் தேடிப் போனது. தெருமுனையில் கிடைப்பதை வீட்டில் செய்ய எதற்கு ஒரு மெஷின்? கடைச் சரக்கை ஆலையில் மைனஸ் 30-க்கும் கீழே சட்டென்று இறுக்கிவிடுவதால் அதில் பனிப்பரல் நுண்ணியது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். வீட்டுச் சரக்கை அன்றைக்கே தின்றால்தான் அழகு. குல்ஃபிக்கும் மெஷின் வேண்டாம், பாலைச் சுண்டக் காய்ச்சி அச்சில் ஊற்றினால் போதும்.

கடை தராததை வீடு தரும், அதற்குத்தான் இந்தப் பாடு. கவுனி ஐஸ்கிரீம், பால் பணியாரப் பாலின் வாசத்தோடு ஒன்று, ஆடிக் கும்மாயத்தின் வறுத்த உளுந்து மணத்தோடு ஒன்று. இவை எந்தப் பெட்டியிலும் வராது.

நாச்சியாபுரத்து வீடு என்ன முடிவெடுத்தது தெரியுமா? இரவல் மெஷின் திரும்பப் போகிறது. வாங்கப்போவது கைப்பிடி சுற்றும் பெரிய வாளி ரகம். தோசைத் திருப்பியால் சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்தவர்களே அதைக் கேட்டார்கள், சுரண்டும் வேலையை உள்ளிருக்கும் துடுப்பு பார்த்துக்கொள்ளும் என்பதால். வளவில் பங்காளி வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கி, விசேஷம் வரும் வீட்டுக்கு அதை உருட்டிக்கொள்வதாகப் பேச்சு. என் யோசனையும் அதுவே! உங்கள் வீட்டில் மைனஸ் 18 எட்டும் ஃப்ரீசரும், நாலு பேர் குடும்பமும், மாதம் இரண்டு தரம் செய்யும் ஆசையும் இருந்தால் கிண்ண மெஷினைத் தயங்காமல் வாங்குங்கள். ஓடவிட்ட பிறகு கலவையை ஊற்றுங்கள், முதலில் ஊற்றினால் துடுப்பு ஒட்டிக்கொள்ளும். எதுவும் உறுதியாகத் தெரியவில்லையா? அண்டாவும் தூக்கும் எடுங்கள், ஐஸுக்கு ஆள் அனுப்புங்கள். கை வலித்த பிறகும் அடுத்த வாரமே செய்யலாமா என்று வீடு கேட்டால், அப்போது மெஷின் விலை விசாரிக்கலாம்.

ஆச்சி இதற்குள் அடுத்த பட்டியலைப் போட்டுவிட்டார்: "வர்ற வெள்ளிக்கு எளநீ. வழுக்கைய அரைச்சு, தேங்காப்பால்ல. உப்பு இன்னும் ரெண்டு கிலோ சேத்து எழுதிக்கங்க!"