மைனஸ் 200 கோடி ரூபாய் முன்பணம்!

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் என் மாமா சிறிய தங்கும் விடுதி ஒன்று நடத்துகிறார். பௌர்ணமி கிரிவலத்திற்கு வருபவர்களுக்கு ரசீது போட, சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் பெயர்களை டைப் செய்தவரை ஒழுங்காக ஓடியது. ஒருநாள் முன்பணம் 500 என்று கொடுத்துவிட்டு, தமிழில் "அண்ணாமலை" என்று டைப் செய்தார். ரசீதில் முன்பணம் மைனஸ் 200 கோடி ரூபாய்! கவுன்ட்டரில் கூட்டம். மாமா பேனாவை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்துவிட்டார்.

என்ன நடந்தது?

சி மொழியில் திரையில் எழுத உதவும் பங்ஷன் பிரிண்ட்எஃப். நாம் தரும் வரியை இது ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கும். % குறியைக் கண்டால், அடுத்த எழுத்தைப் பார்த்து அங்கே வர வேண்டியது எண்ணா, சொல்லா என்று முடிவு செய்யும். எண் என்றால் 10-ஆல் திரும்பத் திரும்ப வகுத்து, மீதிகளை வலமிருந்து இடமாக அடுக்கும். பின் பஃபர் என்னும் தற்காலிக இடத்தில் சேர்த்து, மொத்தமாக ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் ஒப்படைக்கும்.

இதன் தம்பி எஸ்பிரிண்ட்எஃப். திரைக்குப் பதில் மெமரியில் எழுதும். அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காது! நான் பெயருக்கு ஒதுக்கியது 20 பைட். யூடிஎஃப்-8 முறையில் "அண்ணாமலை" 8 குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 24, முடிவைக் குறிக்கும் பூஜ்யத்துடன் 25. மிச்சம் 5 பைட் வழிந்து, அடுத்திருந்த முன்பணத்தை அழித்துவிட்டது.

தீர்வு

1989-இல் வந்த சி தரத்தில், இட அளவைக் கேட்டு எழுதும் எஸ்பிரிண்ட்எஃப் வகை இல்லை. 1999 தரத்தில் எஸ்என்பிரிண்ட்எஃப் சேர்க்கப்பட்டது. இடத்தின் அளவையும் சொல்லிவிட்டால், அதைத் தாண்டி எழுதாது. 20 என்று கொடுத்தேன். பணம் தப்பியது, ஆனால் "அண்ணாம" என்பதோடு பெயர் நின்று, "ல" பாதியில் வெட்டுப்பட்டுக் கேள்விக்குறியானது.

இந்தப் பங்ஷன் முழுப் பெயருக்கு எத்தனை பைட் தேவை என்பதையும் திருப்பித் தரும். இப்போது இடத்தை 200 பைட் ஆக்கி, அந்த எண்ணையும் சோதிக்கிறேன். போதாவிட்டால் பெயரை வெட்டாமல், சுருக்கித் தரும்படி கேட்கும்.

புதிதாக சி பழகுபவர்களே, பழைய புத்தகத்தில் எஸ்பிரிண்ட்எஃப் இருந்தால் அப்படியே டைப் செய்யாதீர்கள். புரோகிராமை முடித்ததும் உங்கள் பெயரைத் தமிழில் கொடுத்துப் பாருங்கள்.