ஆர்.வி ஃபர்னஸ்: ஃபேன் ஓடுது, சூடு வரலை... கோளாறு எங்கே?

படுக்கை, சமையலறை, கழிப்பறை என்று ஒரு குட்டி வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் 'ஆர்.வி' பயணம், அமெரிக்காவிலும் கனடாவிலும் ரொம்பவே சகஜம். விடுமுறைக்கு வாடகைக்கு எடுப்பவர்களும் உண்டு. அதையே நிரந்தர வீடாக்கிக்கொண்டவர்களும் உண்டு. 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்ற 'நோமேட்லேண்ட்', இப்படி வண்டியிலேயே வாழும் மனிதர்களைப் பற்றிய படம்தான்.

இவர்களுக்குக் குளிர்காலத்தில் வரும் பெரிய தலைவலி, ஃபர்னஸ். ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும். ஆனால், வென்ட்டில் கை வைத்தால் காற்று மெல்லிசாகத்தான் வரும். கொஞ்ச நேரத்தில் அதுவும் சில்லென்று மாறிவிடும். உடனே பலரும் 'கேஸ் தீர்ந்திருக்கும்' அல்லது 'ஃபர்னஸே போச்சு' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. பிரச்னை நெருப்பில் அல்ல, காற்றில்!

எப்படி வேலை செய்கிறது?

ஆர்.வி ஃபர்னஸ் எரிவது புரொப்பேன் கேஸில். ஆனால், அதை இயக்குவது 12 வோல்ட் பேட்டரி. தெர்மோஸ்டாட் 'சூடு வேணும்' என்று சொன்னதும் முதலில் ஓடுவது ப்ளோயர் ஃபேன். காற்று போதுமான வேகத்தில் வந்தால், 'செயில் ஸ்விட்ச்' என்ற சிறிய தகடு அந்தக் காற்றில் தள்ளப்பட்டு மூடிக்கொள்ளும். அதன் பிறகுதான் கேஸ் வால்வு திறக்கும், தீப்பொறி வரும். காற்று போதவில்லை என்றால் நெருப்பே பற்றாது. ஃபேன் மட்டும் சும்மா சுற்றும்.

இன்னொரு காவலாளியும் உண்டு. நெருப்பு பற்றிய பிறகு சூடான காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கினால், 'லிமிட் ஸ்விட்ச்' நெருப்பை அணைத்துவிடும். சூடு தணிந்ததும் மறுபடி பற்றும், மறுபடி அணையும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மாறி மாறி வருகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த அடைப்பைத்தான்.

எல்லா வென்ட்டிலும் வீக்கா, ஒன்றில் மட்டுமா?

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஃபர்னஸுக்குத் தள்ளி இருக்கும் வென்ட்டில் காற்று சற்றுக் குறைவாக வருவது இயல்பு. ஆனால், ஒரே ஒரு வென்ட்டில் மட்டும் காற்றே இல்லையென்றால், அதற்குப் போகும் டக்ட்டில்தான் கோளாறு. வளையும் தன்மை கொண்ட இந்தக் குழாய்கள் அலமாரிகளுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஓடுகின்றன. மேலே ஒரு பெட்டியை வைத்தாலே நசுங்கிவிடும். வண்டி குலுங்கிக் குலுங்கி இணைப்பு கழன்றுபோவதும் உண்டு. அப்போது சூடான காற்று அறைக்கு வராமல், தரைக்கு அடியில் வீணாகும். நசுங்கியதை நிமிர்த்தி, கழன்றதை மாட்டி, அலுமினியம் ஃபாயில் டேப்பால் ஒட்டினால் போதும். சாதாரண துணி டேப் சூட்டில் காய்ந்து உரிந்துவிடும்.

எல்லா வென்ட்டிலும் வீக் என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது ஃபர்னஸ் காற்றை உள்ளே இழுக்கும் கிரில். வீட்டு ஏ.சி-யில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று குறைகிறதே, அதே கதைதான். கிரில் முன்னால் ஷூ, பை, போர்வை எதுவும் இருக்கக் கூடாது. நாய், பூனை முடியும் தூசியும் சேர்ந்திருந்தால் வேக்குவம் போட வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி என்றால் டக்ட்டுக்குள் எலிக்கூடும் இருக்கலாம்.

இன்னொரு தவறும் நடக்கிறது. 'படுக்கையறையில் யாரும் இல்லையே' என்று சூட்டை மிச்சப்படுத்த வென்ட்டுகளை மூடிவிடுகிறார்கள். எத்தனை வென்ட் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு ஃபர்னஸுக்கும் ஒரு குறைந்தபட்சக் கணக்கு உண்டு. அதற்குக் கீழே போனால், மிச்சம் ஆவதற்குப் பதிலாக லிமிட் ஸ்விட்ச்தான் விழும்.

பேட்டரியை மறந்துடாதீங்க!

லோ வோல்டேஜில் வீட்டு ஃபேன் எப்படிச் சுற்றும் என்பது நமக்குத் தெரியும். ஆர்.வி-யிலும் அதேதான். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஃபேன் ஓடும்போது இது 11-க்குக் கீழே இறங்கினால் வேகம் குறையும். செயில் ஸ்விட்ச் மூடாமல் போகலாம்.

கணக்கு சுலபம். ப்ளோயர் 8 ஆம்பியர் இழுக்கிறது, 10 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 40 ஆம்பியர்-ஹவர் காலி. 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில், அதன் ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியதே ஏறக்குறைய பாதிதான். விடியற்காலையில் ஃபர்னஸ் கைவிடுவது இதனால்தான். வண்டியை முகாமின் கரன்ட் இணைப்பில் செருகிப் பாருங்கள். ஃபேன் சத்தம் உடனே கூடினால், குற்றவாளி பேட்டரி அல்லது வயரிங். வோல்ட்டேஜை அளப்பதாக இருந்தால் பேட்டரியில் மட்டும் அளந்தால் போதாது. ஃபேன் ஓடும்போது ஃபர்னஸுக்கு வரும் வயரில் அளக்க வேண்டும். துருப்பிடித்த ஒரு இணைப்பு வழியிலேயே வோல்ட்டேஜைத் தின்றுவிடும்.

புது மோட்டார் மாட்டிய பிறகு காற்று குறைந்ததா? பிளஸ், மைனஸ் வயர்களை மாற்றி இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் வரும், காற்று குறைவாகத்தான் வரும்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

குளிரில் நடுங்கும்போது 'செயில் ஸ்விட்ச்சை பைபாஸ் பண்ணிட்டா எரிஞ்சிடுமே' என்று தோன்றும். அதைச் செய்யவே கூடாது. பல மாடல்களில் அறைக்குக் காற்று தருவதும், நெருப்புக்குக் காற்று தந்து புகையை வெளியேற்றுவதும் ஒரே மோட்டார்தான். அது மெதுவாகச் சுற்றும்போது நெருப்பைப் பற்றவைத்தால், கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகலாம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர்களுக்குத் தெரியவே தெரியாது.

வெளிப்புறப் புகைவாயில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பது, வென்ட், கிரில், டக்ட், பேட்டரி ஆகியவற்றைச் சரிசெய்வது வரை யாரும் செய்யலாம். ஃபர்னஸ் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தால், கேஸ் வாடை அடித்தால், அலாரம் அலறினால் விஷயம் வேறு. வாடையோ அலாரமோ வந்தால் முதலில் எல்லோரும் வண்டியை விட்டு வெளியேற வேண்டும். மற்றது டெக்னீஷியன் வேலை. அதுவரை, சமையல் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்கும் குறுக்குவழியும் வேண்டாம். அதன் புகை வெளியேறத் தனிக் குழாய் கிடையாது. அன்றைய இரவுக்குக் கூடுதல் போர்வைதான் பாதுகாப்பு.