கத்தியை எடுக்குமுன் கமராவை எடுப்போம்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றின் காணிகள் பிற்காலத்தில் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்றோர் கண்டவை பற்றைக்காடும் இடிந்த சுவரும் தூர்ந்த கிணறும். காணியைத் துப்புரவாக்கத் தொடங்கியதும் இந்த அடையாளங்கள் மறைந்துவிடும். எனவே முதலில் அவற்றைப் படமெடுத்து வைப்போம். படம் காணி உறுதிக்கு ஈடாகாது. ஆனால் எல்லையையும் இழப்பையும் எடுத்துச் சொல்ல உறுதிக்குத் துணை நிற்கும்.

இருண்ட படமும் கலங்கிய படமும் இதற்கு உதவா. தெளிவான படமெடுக்க மூன்று விடயங்களை விளங்கிக்கொள்ள வேண்டும். வயலுக்கு நீர் பாய்ச்சிப் பழகிய நமக்கு இது கடினமல்ல. இங்கே பாய்வது வெளிச்சம்.

முதலாவது, துவாரம். இது மடையின் அகலம் போன்றது. எஃப் 4, 5.6, 8, 11, 16 என எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும். ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகக் குறையும். துவாரம் சிறிதானால் கிட்டவுள்ள எல்லைக்கல்லும் தூரத்துப் பனையும் ஒன்றாகத் தெளிவாக விழும்.

இரண்டாவது, ஷட்டர் வேகம். இது மடை திறந்திருக்கும் நேரம். 1/125 என்றால் ஒரு செக்கனின் 125இல் ஒரு பங்கு. 1/60இலும் மெதுவானால் கைநடுக்கம் படத்தைக் கலக்கிவிடும். காற்றில் ஆடும் பயிருக்கு 1/250 அல்லது அதிலும் விரைவு நல்லது.

மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. எண். இதை 100இலிருந்து 200 ஆக்கினால் பாதி வெளிச்சமே போதும். மிகவும் கூட்டினால் படத்தில் புள்ளிகள் தோன்றும்.

தொடங்குவோருக்கு ஒரு கணக்கு: ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/125 என வைத்துக்கொள்வோம். நல்ல வெயிலில் துவாரம் எஃப் 16, இலேசான முகிலில் எஃப் 11, திறந்தவெளி நிழலில் எஃப் 4. கிணற்றின் உட்புறம் இருட்டாக இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை 800 ஆக்கி, கமராவைக் கிணற்றுக்கட்டில் ஊன்றி எடுப்போம். கைத்தொலைபேசி இவற்றைப் பெரும்பாலும் தானே சரிசெய்யும். திரையில் எடுக்கவேண்டிய பொருளைத் தொட்டால் போதும்.

எடுக்குமுன் கமராவின் திகதியைச் சரிபார்ப்போம். முதலில் முழுக்காணி, பின்னர் எல்லை, கிணறு, அத்திவாரம், பயன்தரு மரங்கள் என ஒழுங்காக எடுப்போம். உறுதியையும் வரைபடத்தையும் நிழலில் விரித்துவைத்து, பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுப்போம்.

கண்ணிவெடி அகற்றப்பட்டதென அறிவிக்கப்படாத நிலத்தில் ஒரு படத்துக்காகவும் கால் வைக்கலாகாது. படமெடுக்கத் தடையுள்ள இடங்களையும் தவிர்ப்போம்.

இறுதியாக, ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைப்போம். ஓடும்போது பத்திரங்களைத் தவறவிட்ட குடும்பங்களுக்கு இதன் அவசியத்தை நாம் சொல்லத் தேவையில்லை.