வாட்ஸ் கேட்பவருக்கு லூமென் சொல்லுங்கள்

"அறுபது வாட்ஸ் வெளிச்சம் வர்ற மாதிரி ஒரு எல்.இ.டி. பல்பு கொடுங்க" என்று கேட்டு வரும் வாடிக்கையாளரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாட்ஸ் என்பது பல்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவே தவிர, அது தரும் வெளிச்சத்தின் அளவன்று. வெளிச்சத்தின் அளவு லூமென். அது அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். நம்மில் எத்தனை பேர் அதைப் படித்துவிட்டுக் கொள்முதல் செய்கிறோம்?

குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை பழுக்கக் காய்ந்து ஒளி தருகிறது. மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகவே போய்விடும். 60 வாட்ஸ் குண்டு பல்பு தருவது சுமார் 700 லூமென். 14 வாட்ஸ் சி.எப்.எல். அதை ஈடுசெய்யும். 9 வாட்ஸ் நல்ல எல்.இ.டி. அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தரும். தினம் 5 மணி நேரம் வீதம் 30 நாள் எரித்தால் குண்டு பல்புக்கு 9 யூனிட், சி.எப்.எல்.லுக்கு 2.1 யூனிட், எல்.இ.டி.க்கு 1.35 யூனிட். இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு அருகில் மாட்டி வைக்கலாம். (நாம் காலங்காலமாக விற்ற "ஜீரோ வாட்ஸ்" பல்புகூட 10 முதல் 15 வாட்ஸ் வரை எடுக்கும் என்பது வேறு விஷயம்!)

சி.எப்.எல். என்பது டியூப் லைட்டைச் சுருட்டி வைத்தது போலத்தான். உள்ளே பாதரச ஆவி இருப்பதால் உடைந்தால் வெறுங்கையால் அள்ளக் கூடாது.

எல்.இ.டி.யில் சிறு சில்லு ஒன்று நீல ஒளி தருகிறது. அதன்மேல் பூசிய மஞ்சள் நிறப் பூச்சு அதை வெண்மையாக்குகிறது. இந்தச் சில்லு எளிதில் கெடாது. கெடுவது பெரும்பாலும் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர்தான். மலிவுச் சரக்கில் காசு மிச்சம் பிடிப்பதும் இதே இடத்தில்தான். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் முதலில் போவதும் இதுவே.

2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் மக்களைச் சென்றடைந்தன. 2014-ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. விலை இறங்கியதோடு நமது லாபமும் சுருங்கிற்று என்பது உண்மையே. அதற்காகப் பில் இல்லாமல், பெயர் தெரியாத பெட்டியில் வரும் சரக்கை எடுப்பது பெரும் தவறு. எல்.இ.டி. பல்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16102 என்ற எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாத பல்பை விற்பது மட்டுமல்ல, இருப்பு வைப்பதும் காட்சிக்கு வைப்பதும்கூடக் குற்றம். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவைக்கே இரண்டாண்டு வரை சிறை அல்லது குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம். தயாரித்தவர் எங்கோ இருப்பார். சோதனைக்கு வருவோர் நிற்பது நம் கடை வாசலில்.

விற்கும்போது இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: பல்பை மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டப் போகிறாரா? சூடு வெளியேற வழியில்லாவிட்டால் நல்ல கம்பெனி பல்பும் வாரண்டி முடியுமுன்பே நம்மிடம் திரும்பி வரும்.