தொப்பிக்கு என்ன விலை?

குழந்தைகளே, உங்கள் வீட்டில் தையல் டப்பா இருக்கிறதா? பழைய பிஸ்கட் டப்பாவாகக்கூட இருக்கலாம்! அதைத் திறந்து ஊசி பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். அதில் 'போனி' என்று போட்டிருந்தால், அந்த ஊசி எங்கே பிறந்தது தெரியுமா? நம் நீலகிரி மலையில்!

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வழியில் கேத்தி என்ற அழகான பள்ளத்தாக்கு இருக்கிறது. மலை ரயிலுக்கு அங்கே ஒரு ஸ்டேஷன்கூட உண்டு. அந்தப் பகுதியில் எல்லநள்ளி என்ற இடத்தில், 1949ஆம் ஆண்டு 'நீடில் இண்டஸ்ட்ரீஸ்' என்ற ஊசித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. தையல் ஊசி, ஸ்வெட்டர் பின்னும் நீளமான ஊசி என்று பல வகை ஊசிகள் அங்கே தயாராகி, வெளிநாடுகளுக்கும் போகின்றன. அவற்றில் ஒன்று மட்டும் வேடிக்கையான ஊசி. அதற்குக் காது கிடையாது. முனையில் கூர்மையும் கிடையாது. தூண்டில் முள் மாதிரி ஒரு சின்னக் கொக்கி மட்டும் இருக்கும். அதன் பெயர் குரோஷா ஊசி.

அந்தக் கொக்கி ஊசி ஒன்றும், உல்லன் நூல் உருண்டை ஒன்றும் இருந்தால் போதும். தொப்பி, மப்ளர், கைப்பை, பொம்மை, போர்வை என்று எதை வேண்டுமானாலும் பின்னலாம்!

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் காலையில் எழுந்து பார்த்தால் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தக் குளிரில் கம்பளி இல்லாமல் முடியுமா? அதனால், கிறிஸ்துமஸ் விற்பனையிலும், மே மாத மலர்க் கண்காட்சி சமயத்திலும், கையால் பின்னிய பொருட்களை இங்கே பார்க்கலாம்.

அங்கே இப்படி ஒரு பேச்சும் காதில் விழும். "இத்தனூண்டு தொப்பிக்கு 300 ரூபாயா? 150க்குக் கொடுங்க!"

அந்தத் தொப்பிக்கு 300 ரூபாய் அதிகமா, குறைவா? வாருங்கள், இன்று அதைக் கண்டுபிடிப்போம்.

இயந்திரம் தோற்ற இடம்

ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு ஊசிகள் வேண்டும். ஒரு வரிசையில் உள்ள எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கும். இந்த வேலையை இயந்திரம் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. 1589ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரம் செய்துவிட்டார். நீங்கள் போட்டிருக்கும் பனியன் துணியும் பின்னல் துணிதான். திருப்பூரில் இயந்திரங்கள் அதை மளமளவென்று பின்னித் தள்ளுகின்றன.

குரோஷா அப்படி இல்லை. அதில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். அடுத்த கண்ணிக்குக் கொக்கியை எங்கே நுழைப்பது? முன் வரிசையில் ஒரு சின்ன இடைவெளியைத் தேடி, உள்ளே விட்டு, நூலைக் கொத்தி, வெளியே இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இடம் மாறும், திசையும் மாறும். கண்ணும் விரலும் சேர்ந்து செய்யும் வேலை இது. ஆராய்ச்சிக்கூடங்களில் இதற்கு இயந்திரம் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு குரோஷா தொப்பியையோ பொம்மையையோ முழுதாகப் பின்னித் தரும் இயந்திரம் தொழிற்சாலைகளுக்கு இன்னும் வரவில்லை. குரோஷா போலத் தோன்றும் லேஸ் துணியை மட்டும் இயந்திரம் செய்துவிடும்.

இதற்கு என்ன அர்த்தம்? நீங்கள் உலகத்தில் எந்தக் கடையில் உண்மையான குரோஷா பொருளைப் பார்த்தாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவர் கையால் போட்டிருக்கிறார். எவ்வளவு மலிவாக விற்றாலும் சரி, அதன் பின்னால் ஒரு மனிதரின் நேரம் இருக்கிறது!

ஒரு கணக்கு போடுவோமா?

பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அக்கா சின்னக் குழந்தைக்குப் போர்வை பின்னுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 100 செ.மீ., அகலம் 80 செ.மீ. அதை 10 செ.மீ. சதுரத் துண்டுகளாகப் பின்னி, பிறகு ஒன்றாக இணைக்கப் போகிறார். எத்தனை துண்டுகள் வேண்டும்? 10 x 8 = 80 துண்டுகள்.

ஒரு துண்டுக்கு 20 நிமிடம் என்றால், 80 துண்டுகளுக்கு 1,600 நிமிடம். துண்டுகளை இணைக்க இன்னும் 200 நிமிடம். மொத்தம் 1,800 நிமிடம். அதாவது 30 மணி நேரம்!

நூலுக்கு 750 ரூபாய் செலவு. போர்வையை 1,200 ரூபாய்க்கு விற்கிறார். "அடேயப்பா, 1,200 ரூபாயா!" என்று நாம் வாயைப் பிளக்கிறோம். ஆனால் நூல் செலவு போக அந்த அக்காவுக்குக் கிடைப்பது 450 ரூபாய். அதை 30 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேர உழைப்புக்கு வெறும் 15 ரூபாய்! இதிலும் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினால் எப்படி?

பஞ்சத்தில் சோறு போட்ட கொக்கி

நீலகிரி என்றதும் தேயிலையோடு ஊட்டி உருளைக்கிழங்கும் நினைவுக்கு வரும் அல்லவா? அந்த உருளைக்கிழங்குக்கும் குரோஷாவுக்கும் ஒரு சோகமான தொடர்பு உண்டு.

அயர்லாந்து நாட்டில் ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் முக்கிய உணவாக இருந்தது. 1845ஆம் ஆண்டு அந்தப் பயிரை ஒரு நோய் தாக்கியது. சில ஆண்டுகளுக்குள் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் ஊரைவிட்டுக் கப்பலேறினார்கள். அந்தக் கொடிய நாட்களில் கன்னியாஸ்திரீகளும் வேறு சிலரும் ஏழைப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் குரோஷா லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த லேஸை விற்றுப் பல குடும்பங்கள் பிழைத்தன.

நம் நாட்டிலும் இப்படி ஓர் ஊர் இருக்கிறது. ஆந்திராவில் கோதாவரி ஆறு கடலில் கலக்கும் பகுதியில் உள்ள நர்சாபூர்தான் அது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த பாதிரிமார் குடும்பங்கள் பெண்களுக்குக் குரோஷாவைக் கற்றுத்தந்தன. இன்றும் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தபடியே லேஸ் பின்னுகிறார்கள். அது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது.

ஜெர்மனியைச் சேர்ந்த மரியா மீஸ் என்ற அறிஞர் நர்சாபூருக்கு வந்து அந்தப் பெண்களோடு பேசி ஆராய்ந்தார். 1982ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அந்தப் பெண்கள் வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு, தினமும் 6 முதல் 8 மணி நேரம் பின்னினார்கள். ஆனால் மற்றவர்கள் அதை என்ன சொன்னார்கள் தெரியுமா? "சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே!" அப்படிச் சொல்லியே மிகக் குறைந்த கூலி கொடுத்தார்கள். வியாபாரிகளுக்கோ நல்ல லாபம்.

"சும்மா இருக்கிற நேரம்" என்ற அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு வலிமை பார்த்தீர்களா? நம் வீட்டிலும் அம்மாவோ பாட்டியோ ஏதாவது பின்னிக்கொண்டிருந்தால், நாமும் அதே சொல்லைச் சொல்லிவிடக் கூடாது.

தோடர்களின் பூ வேலை

கைவேலைக்கு வேறொரு தொல்லையும் உண்டு. அதற்கு நீலகிரியிலேயே உதாரணம் இருக்கிறது.

இந்த மலையின் பழங்குடிகளில் தோடர்களும் ஒருவர். அவர்களின் மொத்த மக்கள்தொகையே சுமார் 2,000 பேர்தான். தோடர் பெண்கள் முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில், சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்வார்கள். அந்தச் சால்வையின் பெயர் பூத்துக்குளி. அவர்கள் துணியில் பென்சிலால் படம் வரைந்துகொள்வதில்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே ஊசியைக் குத்துவார்கள். எருமைக் கொம்பு, பூ, மலை என்று அவர்கள் வாழ்க்கையில் பார்ப்பவைதான் கோலங்களாக வரும். ஒரு சால்வையை முடிக்கப் பல வாரங்கள்கூட ஆகும்.

குரோஷாவை இயந்திரத்தால் செய்ய முடியவில்லை. ஆனால் தோடர் பூவேலையைப் பார்த்து இயந்திரத்தில் தைப்பதும், அச்சடிப்பதும் சுலபம். அப்படிப்பட்ட நகல்கள் குறைந்த விலைக்குக் கடைக்கு வந்தன. வார்க்கணக்கில் கண் வலிக்கத் தைத்தவரின் சால்வை விற்காமல் போனால் என்ன ஆகும்? அம்மா மகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் நின்றுவிடும் அல்லவா?

இதைத் தடுக்க, 2013ஆம் ஆண்டு தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பது போன்ற அதே குறியீடு. இனி வேறு யாரும் தாங்கள் செய்ததை 'தோடர் பூவேலை' என்று பெயர் போட்டு விற்கக் கூடாது. நர்சாபூர் குரோஷா லேஸுக்கும் 2024ல் இந்தக் குறியீடு கிடைத்தது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. வாங்குகிறவர்களுக்கு அசலையும் நகலையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சடித்ததில் தையலே இருக்காது, கண்டுபிடித்துவிடலாம். இயந்திரத் தையலைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம். அதனால் "இதை யார் தைத்தது? எத்தனை நாளானது?" என்று விற்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

கால்பந்து மைதானத்துக்கே போர்வை!

இப்போது ஒரு மகிழ்ச்சியான செய்தி. 2016ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, சென்னையில் ஒரு கின்னஸ் சாதனை நடந்தது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இண்டியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற குழுவினர், பலர் பின்னிய துண்டுகளை இணைத்து, உலகிலேயே பெரிய குரோஷா போர்வையை உருவாக்கினார்கள். அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். ஒரு கால்பந்து மைதானத்தைப் போல ஒன்றரை மடங்கைவிடப் பெரியது!

நாம் போட்ட 20 நிமிடச் சதுரக் கணக்கை இதற்கும் போட்டுப் பார்த்தேன். ஒருவரே தூங்காமல், சாப்பிடாமல், இரவும் பகலும் பின்னினால் 42 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! பல கைகள் சேர்ந்ததால் அல்லவா முடிந்தது?

பின்னல் பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைக்கும் தம்பிகளே, கேளுங்கள். இங்கிலாந்தின் நீச்சல்குள டைவிங் வீரர் டாம் டேலி, 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். மற்றவர்களின் போட்டியைப் பார்க்க உட்கார்ந்திருந்தபோது அவர் கையில் என்ன இருந்தது? பின்னல் ஊசி! தங்கப் பதக்கம் கீறல் விழாமல் இருக்க அதற்கு ஓர் உறையும் பின்னிவிட்டார்.

நீங்களும் பின்னலாம்

தேவை: 4 மி.மீ. குரோஷா ஊசி ஒன்று, நடுத்தரக் கனமுள்ள உல்லன் நூல் கொஞ்சம், கடிகாரம். முதல் முறை பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. நூலின் முனையில் இழுத்தால் இறுகும் சுருக்கு முடிச்சு போட்டு, கொக்கியில் மாட்டுங்கள்.

2. நூலைக் கொக்கியில் சுற்றி, சுருக்கின் வழியே இழுங்கள். ஒரு சங்கிலிக் கண்ணி வந்துவிட்டது! இப்படி 16 கண்ணிகள் போடுங்கள்.

3. கொக்கியிலிருந்து இரண்டாவது கண்ணிக்குள் ஊசியை விட்டு, நூலை இழுங்கள். இப்போது ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி, இரண்டு வளையங்கள் வழியாகவும் சேர்த்து இழுங்கள். கடைசிவரை இப்படியே போனால் 15 பின்னல்கள் வரும்.

4. ஒரு சங்கிலிக் கண்ணி போட்டு, துண்டைத் திருப்பி, அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு வரிசையிலும் 15 இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

5. துண்டு சதுரமானதும் நூலை வெட்டி, கடைசி வளையத்துக்குள் விட்டு இறுக்குங்கள். காபி டம்ளருக்கு விரிப்பு தயார்!

தப்பாகிவிட்டால் கவலை வேண்டாம். நூலை இழுத்தால் பின்னல் பிரிந்துவிடும். அதே நூலில் மறுபடி தொடங்கலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கோ, ரம்ஜானுக்கோ, கிறிஸ்துமஸுக்கோ அதை யாருக்காவது பரிசாகக் கொடுக்கும்போது, ஒரு சின்ன அட்டையையும் நூலில் கட்டுங்கள். கடைப் பொருளில் விலை எழுதியிருக்கும். உங்கள் அட்டையில், 'இதற்கு ஆன நேரம்: 2 மணி 10 நிமிடம்' என்பது போல எழுதுங்கள்.

அடுத்த முறை ஊட்டியிலோ உங்கள் ஊர்த் திருவிழாவிலோ ஒரு குரோஷா தொப்பியைப் பார்ப்பீர்கள். அப்போது அதன் வரிசைகளை உங்கள் விரல் தானாகவே எண்ணும். அதற்கு என்ன விலை தரலாம் என்று உங்களுக்கே தெரியும்!